மூன்றாம் பேஸில் என் கால்சட்டை

போர்ட் கார்லின்,
செப்டம்பர் கடைசித் திங்கட்கிழமை

அன்புத் தங்கை லொரெய்னுக்கு, உன் அண்ணன் கஸ் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் அண்ணி பெர்னி, நாய் ஆகிய மூவரும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும், மாப்பிள்ளை நார்பர்ட்டும், உங்கள் கடையில் விற்காமல் கிடக்கும் அத்தனை ஹீட்டர்களும் அதேபோல் நன்றாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். நீ அனுப்பிய வெள்ளரி ஊறுகாய் பாட்டில்களில் ஒன்று வழியில் உடைந்துவிட்டது, மற்றதை உன் பையன் ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டான், ஆகவே ருசியைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை மாப்பிள்ளை எடுத்துத் தொலைத்தால், நான் பாதி சொல்வதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

விஷயம் இதுதான்: உன் பையன் டெவினைத் திரும்ப அழைத்துக்கொள். மாப்பிள்ளையின் வண்டியை இந்த வாரமே அனுப்பிவிடு.

கோபப்படாதே, முழுவதும் படி. என் வேலை என்னவென்று உனக்கு இன்றுவரை தெரியாது என்பது எனக்குத் தெரியும். நான் டிவியில் வரும்போதெல்லாம் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்வெட்டர் பின்னியவள் நீ. "உங்க அண்ணன் வெயில்ல நின்னு கொசு அடிக்கிறாரு, அதுக்கும் சம்பளம் தர்றாங்க" என்று மாப்பிள்ளை சொன்னதை நம்பியும் விட்டாய். அது கொசு அடிப்பதல்ல, லொரெய்ன். பேஸ்பால் அணியின் பயிற்சியாளனாக மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில் நின்று நான் தொப்பியைத் தொடுவதும், காதைத் தொடுவதும், மார்பைத் தடவுவதும் மட்டை பிடித்தவனுக்கு அனுப்பும் சைகைகள். அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. நம் ஆள் இரண்டாம் பேஸிலிருந்து ஓடி வருகிறான். பந்து அவன் முதுகுக்குப் பின்னால் எங்கே கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் கையைச் சக்கரமாகச் சுற்றினால் அவன் மூன்றாம் பேஸை மிதித்துவிட்டு நேரே ஹோமுக்கு, அதாவது நமக்குப் புள்ளி கிடைக்கிற இடத்துக்கு, ஓட வேண்டும், இரண்டு கையையும் தூக்கினால் நிற்க வேண்டும். ஓடச் சொல்லி அவன் அவுட்டாகிவிட்டால் மைதானம் முழுக்க எழுந்து நின்று நம் அம்மாவைப் பற்றிக் கண்டபடி பேசும். நிறுத்தி வைத்துவிட்டால் ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் அது என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கே வரப்போகிறது.

போன குளிர்காலத்தில் நீதான் எழுதினாய். "அண்ணா, புள்ளியியல் படிச்ச பையன், கடையில உக்காந்துகிட்டு வர்றவங்ககிட்ட எல்லாம் உங்க வீட்டு ஹீட்டர் எந்த மாசம் கெட்டுப்போகும்னு சொல்லிப் பயமுறுத்துறான், வியாபாரமே படுத்துப்போச்சு, உன் பக்கம் எங்கயாவது சேர்த்துவிடு" என்று. தங்கை கேட்டால் மறுக்கத் தெரியாதவன் நான். அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி லிண்டெமன், ஊருக்கே தொத்திறைச்சி விற்கிற மனிதர், மற்ற அணிகளின் முதலாளிகளோடு ஒரு விருந்துக்குப் போய்விட்டு முகம் தொங்கிப்போய் வந்திருந்தார். அங்கே ஒவ்வொருவரும் தங்கள் அணியில் ஆட்டக் கணக்குப் பார்க்க எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது என்று பீற்றிக்கொண்டிருக்கிறார்கள். லீக்கில் இருக்கிற அணிகளெல்லாம் அதைச் செய்து பார்த்து, பழகி, அதில் சலிப்பும் அடைந்துவிட்ட காலம். எங்கள் போர்ட் கார்லின் படகோட்டிகள் அணியில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் டிக்கெட் கவுண்டரில் இருந்தது, அதற்கும் தூசி படாமல் ஒரு குளியல் துண்டைப் போர்த்தி வைத்திருப்பார்கள். "உங்ககிட்ட யார் இருக்காங்க?" என்று யாரோ கேட்க, எங்கள் முதலாளி வெட்கப்பட்டு, "ஏன், எங்ககிட்டயும் ஆள் இருக்கான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். இப்போது அந்த ஆளைத் தேட வேண்டும்.

நான் போய் மருமகனைப் பற்றிச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"கண்ணாடி போட்டிருப்பானா?"

"போட்டிருப்பான்."

"நாளைக்கே வரச் சொல்லுய்யா. யாராவது கேட்டா போன வருஷமே சேர்ந்ததா சொல்லிக்கச் சொல்லு."

இப்படித்தான் உன் பையன் உத்தியோகஸ்தன் ஆனான். அவனுக்கு ஒதுக்கியது, விற்காமல் போன தலையாட்டிப் பொம்மைகளை அடுக்கி வைத்திருந்த அறை. எங்களைவிட்டுப் போன ஆட்டக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஜெயிலுக்குப் போன ஒருவர், எல்லோருடைய பொம்மையும் கூரைவரை இருக்கும். இவன் மேஜையில் தட்டச்சு செய்தால் அத்தனை தலையும் சேர்ந்து ஆடும். அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டியது அணியிலேயே அவர்கள் மட்டும்தான்.

வந்த முதல் வாரமே வினையை ஆரம்பித்தான். எங்கள் மேனேஜர் டலஹன்டியை உனக்குத் தெரியும், என் கல்யாணத்தில் கேக்கின் மேல் உட்கார்ந்தவர். அவருக்கு உயிரே பண்ட்தான். மட்டையைக் குறுக்கே பிடித்து, பந்தை மெதுவாக உருட்டிவிட்டு, அடித்தவன் அவுட்டாகி, முன்னால் நிற்பவனை ஒரு பேஸ் நகர்த்துகிற அந்த ஆட்டம். அவர் அதைக் கோயில் காரியம் மாதிரி செய்யச் சொல்வார். டெவின் எல்லோரையும் உட்காரவைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சார், பண்ட் அடிக்கறதுங்கறது நம்ம அவுட்டை நாமளே இலவசமா எடுத்துக் குடுக்கறது" என்றான்.

அறையில் சூரியகாந்தி விதை கொறிக்கிற சத்தம்கூட நின்றுபோய்விட்டது.

"தம்பி," என்றார் டலஹன்டி, "நான் பண்ட் அடிச்சே இந்த லீக்குல பல வருஷம் சோறு தின்னவன்."

"தெரியும் சார். உங்க பழைய ஆட்டத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

"பார்த்தியா? பண்ட் அடிக்காம இருந்திருந்தா?"

"இன்னும் ரெண்டு வருஷம் ஆடியிருப்பீங்க சார்."

விதை நிறைந்த வாளி சுவரில் மோதிச் சிதறியதை நான் பார்த்தேன். அதைக் கூட்டி அள்ளியதும் நான்தான், ஏனென்றால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "மாமா" என்று இவன் வேறு எல்லார் முன்னாலும் கூப்பிட்டுத் தொலைத்திருந்தான்.

அதற்குப் பிறகு ஆட்களை இடம் மாற்றி நிறுத்துகிற கூத்து. எதிரணியின் ஒரு மட்டைக்காரன் எப்போதும் வலப்பக்கமே அடிக்கிறானாம், ஆகவே நம் ஆட்களை எல்லாம் வலப்பக்கம் கொண்டுபோய்க் குவித்தான். இடப்பக்கம் பொட்டல். வேர்க்கடலை விற்கிறவர் வேலியருகே வந்து, "கஸ் அண்ணே, அங்க யாரும் இல்லையே, நான் வேணா கொஞ்ச நேரம் நிக்கட்டுமா?" என்று அக்கறையாகக் கேட்டார். அந்த மட்டைக்காரன் வாழ்நாளில் இல்லாத வழக்கமாக அன்று பார்த்து இடப்பக்கம் அடித்தான். பந்து உருண்டு உருண்டு, யாரும் தேடாத சாமானாக வேலிவரை போய் நின்றது. ஊரே சிரித்தது. டெவின் மட்டும் முகம் வாடாமல், "ஒரு தடவை நடந்தா அது கணக்கு இல்ல மாமா" என்றான். அடுத்த மாதம் முழுக்க அதே மட்டைக்காரன் அடித்ததெல்லாம் நம் ஆட்கள் கைக்கு நேராக வந்தது என்பதையும் நேர்மைக்காக எழுதிவிடுகிறேன். ஆனால் அதைப் பற்றி நீ கேட்கவில்லை.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். என் வீட்டின் கீழ்த்தளத்தில் படுத்துக்கொண்டு, பெர்னி சுடுகிற இறைச்சி ரொட்டியில் ஓரத்துக் கருகல் துண்டை (அது எப்போதும் எனக்குரியது) எடுத்துத் தின்றதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஜூலையில் அவன் செய்த காரியம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அணி முழுவதையும் உட்காரவைத்து ஒரு வீடியோ போட்டான். மூன்றாம் பேஸுக்குப் பின்னால் புதிதாக ஒரு கேமராவைக் கட்டி வைத்திருந்தான், ஆட்டக்காரர்களின் காலடியைப் பார்க்கத்தான் என்று நான் நினைத்திருந்தேன். திரையில் நான். இரண்டு கையாலும் கால்சட்டையை இடுப்பில் பிடித்து மேலே ஒரு இழுப்பு இழுக்கிறேன், ஓடி வருகிறவனை நிறுத்துகிறேன். அடுத்த படம். இழுக்கிறேன், நிறுத்துகிறேன். மழையில் இழுக்கிறேன், நிறுத்துகிறேன். ஓடச் சொல்கிற நேரத்தில் ஒரு தடவைகூட இழுக்கவில்லை.

"மாமா, நீங்க பேண்ட்டை இழுத்தா ஓடறவன் நிக்கப் போறான்னு லீக்குல எல்லாருக்கும் தெரியும்," என்றான் உன் பையன், ஏதோ எனக்கு நல்லது செய்கிறவன் மாதிரி. "பந்தை எங்க எறியணும்னு கத்தற அவங்க நடு ஆட்டக்காரன் பந்தைப் பார்க்கறதே இல்ல. உங்க இடுப்பைத்தான் பார்க்கறான்."

அறை குலுங்கச் சிரித்தார்கள். எங்கள் கேட்சர் ரமோன், பீரோவைச் சுமந்துகொண்டு மாடி ஏறுகிறவனைப் போல் ஓடுகிற நல்ல மனிதன், அவனே கண்ணில் நீர் வரச் சிரித்தான். என் மானம் கப்பலேறிவிட்டது. இத்தனை வருடம் எதிரணிகள் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என் இடுப்புக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இவன் விடவில்லை. முள்கரண்டியை வைத்துவிட்டு, "மாமா, பேண்ட்டு பெரிய விஷயம் இல்ல. நீங்க ரொம்பப் பேரை நிறுத்தி வைக்கறீங்க. அதுல பாதிப் பேரை ஓடவிட்டிருந்தா ஹோமுக்கு வந்து சேர்ந்திருப்பாங்க" என்றான்.

"அனுபவம்னு ஒண்ணு இருக்குடா."

"அனுபவம் இல்ல மாமா. பயம். ஓடவிட்டு அவுட்டானா உங்களைத் திட்டுவாங்க. நிறுத்தினா யாரும் கேக்க மாட்டாங்க."

பெர்னி உருளைக்கிழங்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் காலியாகக்கூட இல்லை. அவளும் அதைத்தான் நினைக்கிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. லொரெய்ன், எனக்கு வலித்தது. மைதானமே எழுந்து நின்று திட்டியபோதுகூட அப்படி வலிக்கவில்லை.

சரி, திருத்திக்கொள்வோம் என்று பெர்னியிடம் சொல்லி, சட்டைக்கு உள்ளே தோள்பட்டை வார் வைத்துத் தைக்கச் சொன்னேன். கால்சட்டை இறங்கவில்லை. ஆனால் கைகளுக்கு வேலை போய்விட்டது. வேலை போனவன் கை எங்கெல்லாம் போகும் என்று உனக்குத் தெரியாது. ஒரு நாள் மூக்கருகே வந்த குளவியை விரட்டினேன். முதல் பேஸில் நின்ற பையன் அதைப் பார்த்து இரண்டாம் பேஸுக்குப் பாய்ந்து அவுட்டானான். மட்டைக்காரன் அதே குளவியைப் பண்ட் அடிக்கச் சொல்லும் சைகை என்று எடுத்துக்கொண்டான். டலஹன்டி ஒருவர்தான் அன்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். இன்னொரு நாள் வாரின் கொக்கி தெறித்துப்போய் நடுவர் கன்னத்தில் பட, அவர் நான் வேண்டுமென்றே எறிந்ததாக எண்ணி என்னை மைதானத்தைவிட்டு வெளியே அனுப்பினார். டிவியில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மாப்பிள்ளை அன்று போன் செய்து, பேசாமல், சிரித்துவிட்டு மட்டும் வைத்தார்.

கடைசியில் ஆகஸ்டு முடிவில் டெவினே கீழ்த்தளத்திலிருந்து ஏறி வந்தான். "மாமா, வாரைக் கழட்டிடுங்க. பழையபடியே பேண்ட்டை இழுத்துக்குங்க. நான் சொன்னது தப்பு" என்றான். கம்ப்யூட்டர் தோற்றுப்போன நாள் அது என்று நான் நாய்க்குக்கூட ஒரு துண்டு இறைச்சி கூடுதலாகப் போட்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. முதலாளி லிண்டெமன் ஒரு புது ஏற்பாடு செய்திருப்பதாக டலஹன்டி வந்து சொன்னார். சீசன் முடிந்ததும் எந்தப் பயிற்சியாளரை வைத்துக்கொள்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று டெவின் சொல்ல வேண்டுமாம். அவன் சொல்கிறபடி முதலாளி செய்வாராம். "உன்னைப் பத்தியும்தான் கஸ்" என்று சொல்லிவிட்டு டலஹன்டி என் முதுகைத் தட்டினார்.  என் சமையலறையில் என் ரொட்டியைத் தின்றுகொண்டு என் தலையெழுத்தை எழுதுகிறான் உன் மகன். எனக்கு வேறு வேலை தெரியாது, லொரெய்ன். சின்ன வயதிலிருந்து கோடு கிழித்த ஒரு மைதானத்துக்குள் நின்றே சாப்பிட்டவன். வெளியே அனுப்பினால் மாப்பிள்ளையின் கடையில் ஹீட்டர் துடைக்க வேண்டியதுதான், அதையும் அவர் சிரித்துக்கொண்டே தருவார்.

இந்த நிலைமையில் நேற்று கடைசி ஆட்டம். வென்றால் பெரிய சுற்றுக்குப் போவோம், தோற்றால் வீடு. ஆஷ்ஃபோர்டு அணியோடு சமநிலையில் கடைசி இன்னிங்ஸ்வரை வந்துவிட்டோம். இரண்டு பேர் அவுட். இரண்டாம் பேஸில் நிற்பது யார் என்கிறாய், நம் பீரோ ரமோன். அவனுக்குப் பதிலாக ஓட ஆள் கிடையாது, எல்லோரும் ஏற்கனவே ஆடி முடித்துவிட்டார்கள். மட்டைக்காரன் இடது கோடிக்கு ஒரு அடி அடித்தான். பந்து நேராகப் போய் விழுந்தது அங்கே நிற்கும் ஆஷ்ஃபோர்டு ஆள் க்ரீரின் காலடியில். அந்த க்ரீர் எறிந்தால் பந்து வருவது தெரியாது, கையுறையில் சத்தம் கேட்கும்போதுதான் தெரியும். ரமோன் மூச்சு வாங்கிக்கொண்டு என்னை நோக்கி வருகிறான். அந்த நொடியில் என் இரண்டு கையும் இடுப்புக்குப் போய்க் கால்சட்டையை ஒரு இழுப்பு இழுத்தன.

அவர்களுடைய நடு ஆட்டக்காரன் என் இடுப்பைப் பார்த்தான். "நிக்கறான், நிக்கறான்! ரெண்டுக்கு எறி!" என்று கத்தினான். க்ரீரும் நம்பி, அடித்தவன் மேலே போய்விடக் கூடாது என்று பந்தைச் சாவகாசமாக இரண்டாம் பேஸுக்கு வீசினான். ரமோனோ நிற்கவே இல்லை. என்னைத் தாண்டிக்கொண்டு, பூமி அதிர ஓடி, ஹோமின்மேல் குப்புற விழுந்தான். அவர்கள் விழித்துக்கொண்டு பந்தைத் திருப்பி எறிந்தபோது அவன் படுத்தபடியே அழுதுகொண்டிருந்தான். வென்றுவிட்டோம்!

ஊரில் நேற்றிலிருந்து யாரும் தூங்கவில்லை. மைதானம் முழுக்க என் பெயரைச் சொல்லிக் கத்தியது, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கஸ்ஸின் கால்சட்டைத் தந்திரம்" என்று நம்மூர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் என் படத்தைப் போட்டிருக்கிறது. இரண்டு கையும் இடுப்பில், வாய் அகலத் திறந்திருக்க, கீழே "ஓடு என்று முழங்கும் கஸ் வெண்ட்லாண்ட்" என்று எழுதியிருக்கிறார்கள். பல வருடம் எதிரியை ஏமாற்றிப் பழக்கிவைத்து, வேண்டிய நாளில் பயன்படுத்தினேனாம். பெர்னி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏங்க, ஓடுன்னு சொல்றவங்க முகம் இப்படியா இருக்கும்?" என்றாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது.

ஆகவே இப்போது தெளிவாகிவிட்டது. பேஸ்பாலை வெல்வது மனிதனின் அனுபவம், கம்ப்யூட்டர் அல்ல. "பயம்" என்று என்னைச் சொன்னானே உன் மகன், அவன் முகத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான்? முதலாளியிடம் இன்று சாயங்காலம் என்னைப் பற்றி அவன் வாய் திறப்பதற்குள் அவனை மூட்டை கட்டி உன்னிடம் அனுப்பிவிடுவது எல்லோருக்கும் நல்லது. அவன் நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன், பாத்திரம்கூடக் கழுவுகிறான். ஹீட்டருக்கு அவன் கணக்கு போதும். எங்கள் அணிக்கு வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். உன் முழங்கால் வலி குறையவும், உங்கள் ஊரில் இந்த வருடமாவது குளிர் நன்றாக அடித்து ஹீட்டர்கள் விற்கவும், உன் கண்ணாடி தொலையாமல் இருக்கவும் மனதார வாழ்த்துகிறேன். பெர்னி அன்பைச் சொல்லச் சொன்னாள், ஊறுகாய் பாட்டிலையும் கேட்கச் சொன்னாள்.

உன் பிரியமுள்ள அண்ணன்,
கஸ்

பின்குறிப்பு: இதை ஒட்டித் தபாலில் போட எழுந்தபோது ரமோன் வந்தான், அவன் மனைவி செய்த இறைச்சிப் பணியாரங்களோடு. சமையலறையில் உட்கார்ந்து, நாலு உள்ளே போனதும், "கஸ் அண்ணே, நீங்க 'நில்லுடா, நில்லுடா'ன்னு கத்தினது இன்னும் காதுல கேக்குது. பயந்தே போயிட்டேன்" என்றான்.

நான் கதவைச் சாத்தினேன்.

"அப்புறம் ஏண்டா நிக்கல?"

"டெவின் தம்பிதான் ஒரு மாசமா சொல்லிவெச்சிருந்தாரு. 'மாமா பேண்ட்டை இழுத்தாருன்னா அவர் வாயைப் பார்க்காதே, கையைப் பார்க்காதே, கண்ணை மூடிக்கிட்டு ஓடு. ஒரே ஒரு தடவைதான் இது பலிக்கும், பெரிய ஆட்டத்துக்கு வெச்சிருப்போம்'னாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னாரு. தெரிஞ்சா உங்க கை நடிக்க ஆரம்பிச்சுடுமாம். உங்களுக்கு நடிக்க வராதாம்."

லொரெய்ன், மேலே எழுதியதை நீ ஒருமுறை மறுபடி படித்துப் பார். நான் பொய் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் உண்மையையும் எழுதவில்லை. நான் அவனை நிறுத்தத்தான் இழுத்தேன். பயத்தில்தான். கையைத் தூக்குவதற்குள் அவன் என்னைத் தாண்டிவிட்டான். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றால் பெர்னி விடமாட்டேன் என்கிறாள். "அப்படியே போகட்டும், லொரெய்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்று உறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனேன். டெவின் முதலாளியைப் பார்க்கச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னைப் பத்தி என்னடா சொல்லப் போற?"

"உங்களை மாத்தவே கூடாதுன்னு சொல்லப் போறேன் மாமா. அடுத்த வருஷம் நீங்க பேண்ட்டை இழுத்தா என்ன அர்த்தம்னு லீக்குல ஒருத்தனுக்கும் தெரியாது. உங்களுக்கே தெரியாது. இது வேற எந்த அணிகிட்டயும் இல்ல."

என் கண் கலங்கியதை அவன் பார்த்திருப்பான். பிறகுதான் அந்தக் கேமரா ஞாபகம் வந்தது. மூன்றாம் பேஸுக்குப் பின்னால், என் வாய்க்கு நேராக. நான் 'நில்லுடா' என்று கத்தியதை யார் வேண்டுமானாலும் என் வாயசைவிலேயே படித்துவிடலாம்.

"டெவின், அந்த வீடியோ..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அழிச்சுட்டேன் மாமா."

அழிச்சுட்டேன் என்றான், லொரெய்ன். நம் அம்மா செய்த கேக்கில் எத்தனை திராட்சை என்று எண்ணி வைத்துக்கொண்டு இன்னும் மறக்காத பையன், எனக்காக அழித்திருக்கிறான். மாப்பிள்ளையின் வண்டி வர வேண்டாம். அவனுடைய குளிர்கால கோட்டை மட்டும் அனுப்பு.